முகச் சிவப்பும் இடுப்புச் சுற்றளவும்

கண்டியில் முகம் சிவந்து எரிகிறவர் முதலில் போவது தோல் கிளினிக்குக்கு அல்ல, பாமசிக்கு. பருவுக்கு ஏதாவது தாங்க என்று கேட்டு வாங்கும் கிறீமில் பல சமயம் ஸ்டீரொயிட் இருக்கும். ஒரு கிழமையில் முகம் தெளிந்துவிடும். பூசுவதை நிறுத்தினால் முன்னையைவிட மோசமாகத் திரும்பி வரும். அதன் பிறகு வீட்டு ஆலோசனைகள் தொடங்கும். உடம்பில் சூடு கூடிப் போச்சு, ஈரல் பழுதாகியிருக்கும், கொழுப்பு ஏறிப் போச்சு, உடம்பைக் குறை. முதல் இரண்டையும் விட்டுவிடுவோம். கடைசியாகச் சொன்னதற்கு இப்போது மருத்துவ ஆய்வுகளில் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. அந்த ஆதாரம் எவ்வளவு கனமானது, மத்திய மலைநாட்டில் வாழ்கிற மாநிறத் தோல்காரருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நோயின் பெயர் ரோசேசியா. முகத்தின் நடுப்பகுதியைப் பிடிக்கும் நாட்பட்ட அழற்சி இது. கன்னம், மூக்கு, நெற்றி, நாடி எல்லாம் குப்பென்று சூடேறிச் சிவக்கும். காலப்போக்கில் அந்தச் சிவப்பு போகாமலே நின்றுவிடும். நுண்ணிய இரத்தக்குழாய்கள் வெளியே தெரியும். பருவைப் போன்ற கொப்புளங்கள் எழும். சிலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, மூக்குத் தோல் தடித்துப் புடைக்கும். கண்ணிமை உறுத்துவதும் கண் சிவப்பதும் இதே நோயின் வேலையாக இருக்கலாம். முகப்பருவில் காணும் கருந்தலைப் புள்ளிகள் இதில் இருக்கமாட்டா. வயதுவந்தோரில் 5.46 வீதத்தினருக்கு இது இருக்கக்கூடும் என்று 2018 இல் வெளிவந்த ஓர் உலகளாவிய தொகுப்பாய்வு கணித்தது.

வெள்ளைத் தோல்காரரின் நோய் என்றே பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. அமெரிக்காவில் 1993 முதல் 2010 வரையான வைத்திய ஆலோசனைப் பதிவுகளைப் புரட்டியபோது, ரோசேசியா என்று எழுதப்பட்டவர்களில் கறுப்பினத்தவர் 2 வீதம், ஆசிய, பசிபிக் வம்சாவளியினர் 2.3 வீதம் மட்டுமே. நிறத்தோலில் நோய் உண்மையிலேயே குறைவா, வைத்தியரின் கண்ணுக்குத் தப்புகிறதா? இரண்டும் கலந்தது என்பதே இன்று தோல் வைத்தியர்கள் தரும் பதில். நம் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரிவதில்லை. கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த மண்நிறமாக, சில சமயம் வெறும் கறுப்பாகத் தெரியும். நோயாளியும் "முகம் சிவக்குது" என்று சொல்வதில்லை. "எரியுது, குத்துது, சவர்க்காரம் பட்டால் தாங்க முடியல்ல" என்றுதான் சொல்வார். அந்தச் சொற்களைக் காதில் வாங்காத வைத்தியர் பரு என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஆய்வுகூடத்தில் கிடக்கும் கண்ணாடி வழுக்கி ஒன்றைக் கன்னத்தில் வைத்து மெதுவாக அழுத்தினால், விரிந்திருந்த நுண்குழாய்களிலிருந்து இரத்தம் விலகி அந்த இடம் ஒரு கணம் வெளிறும். விரலை எடுத்ததும் நிறம் திரும்பப் பரவும். மண்நிறக் கன்னத்திலும் அந்த மாற்றம் தெரியும். வெயிலால் கறுத்த தோல் என்றால் இப்படி வெளிறாது. கையடக்கமான தோல்நோக்கியில் பார்த்தால் கண்ணிகளாகப் பின்னிய குழாய்கள் தென்படும். கடும் நீலத் துணியைப் பின்னால் தொங்கவிட்டுப் படம் எடுத்தாலும் சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்று நிறத்தோல் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

உடற்கொழுப்புப் பற்றிப் பேசுவதற்கு முன் இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. நோய் இன்னது என்று தெரியாமல் நிறையைக் குறைக்கச் சொல்வது வீண். லூபஸ் நோயிலும் கன்னம் சிவக்கும். ஆனால் மூக்குக்கும் வாய்க்கும் இடையே ஓடும் மடிப்பை அது பெரும்பாலும் விட்டுவைக்கும். அதைத் தவறவிட்டால் சிறுநீரகமே பழுதாகலாம். மணல் ஈக்களால் பரவும் லீஷ்மேனியாசிஸ் 1992 இலிருந்து இலங்கையில் வேரூன்றி, மாத்தளை, குருணாகல், அநுராதபுரம் பக்கமெல்லாம் காணப்படுகிறது. வலியோ கடியோ இல்லாமல் மாதக்கணக்கில் ஆறாதிருக்கும் முகக் கட்டியை ரோசேசியா என்று விட்டுவிடக்கூடாது. எல்லாவற்றிலும் அதிகம் குழப்புவது ஸ்டீரொயிட் கெடுத்த முகம். பெட்டாமெதசோன் போன்ற வீரியமான மருந்தை வெளுப்பதற்காக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, குழாய்கள் விரிந்து, கொப்புளம் வந்து, ரோசேசியாவின் அச்சாகவே நிற்கும். இந்தியத் தோல் வைத்தியர்கள் இதற்குத் தனிப்பெயரே வைத்து, மருந்துச் சீட்டில்லாமல் இவற்றை விற்பதற்கு எதிராகப் பல வருடமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். இந்த முகத்துக்கும் இடுப்புக் கொழுப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இனி உண்மையான ரோசேசியாவுக்குள் நடப்பது என்ன என்று பார்ப்போம். கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ரிச்சர்ட் காலோவின் குழு 2007 இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையைத் திருப்பிப் போட்டது. கிருமிகளைக் கொல்லத் தோல் தானே தயாரிக்கும் கதெலிசிடின் என்ற புரதம் நோயாளிகளின் முகத்தில் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதை வெட்டித் துண்டாக்கும் நொதியமும் மிகுதியாக இருக்கிறது. அப்படி வெட்டப்பட்ட துண்டுகள் கிருமியை விட்டுவிட்டு இரத்தக்குழாயை விரிக்கவும் அழற்சியைத் தூண்டவும் தொடங்குகின்றன. எலியின் தோலில் அந்தத் துண்டுகளைச் செலுத்தியபோது ரோசேசியாவைப் போலவே சிவந்தது. இத்துடன் மயிர்க்கால்களில் குடியிருக்கும் டெமொடெக்ஸ் உண்ணிகளின் பெருக்கம், சூரிய ஒளி, நரம்பு முனைகளின் மிகையுணர்ச்சி எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. வெப்பத்தையும் மிளகாய்க் காரத்தையும் ஒரே வாயிலால் உணரும் நரம்புப் புரதம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டறிந்ததற்காகவே டேவிட் ஜூலியஸ் 2021 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ரோசேசியாத் தோலில் அந்த வகை வாயில்கள் வழக்கத்தைவிட விழிப்பாக இருக்கின்றன. கட்டச் சம்பலோடு சாப்பிட்டவுடன் சிலருக்கு முகம் பற்றி எரிவது இதனால்தான்.

கொழுப்பு எங்கே நுழைகிறது? முப்பது வருடத்துக்கு முன்புவரை கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் சேமிப்பு என்றே எண்ணியிருந்தார்கள். 1993 இல் கோகான் ஹொதமிஸ்லிகில் என்ற ஆய்வாளரின் குழு, பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே அழற்சிப் புரதமான ரி.என்.எஃப். ஆல்பாவைச் சுரப்பதைக் காட்டியது. அடுத்த வருடம் கொழுப்புக் கலங்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹோர்மோன் கண்டுபிடிக்கப்பட்டது. 2003 இல், உடல் பருக்கும்போது கொழுப்புத் திசுவுக்குள் நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்த பெருவிழுங்கிகள் கூட்டமாக வந்து குடியேறுவது தெரிந்தது. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு இந்த வேலையில் குறிப்பாக மோசமானது. அங்கிருந்து புறப்படும் இண்டர்லூக்கின் 6 ஈரலுக்குப் போய், சி.ஆர்.பி. என்று இரத்தப் பரிசோதனைத் தாளில் வருகிறதே, அந்தப் புரதத்தைச் சுரக்கச் செய்கிறது. மறுபுறம் அழற்சியைத் தணிக்கும் அடிப்போனெக்டின் குறைந்துவிடுகிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஆனால் உடம்பு முழுதும் தணிந்த சுருதியில் அழற்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. இரத்தக்குழாய்களின் உட்சுவர் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகிறது. அதோடு தோலடிக் கொழுப்பு வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பதால், பருத்த உடல் சூட்டைத் தணிக்கத் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்ப வேண்டியும் வருகிறது. முகத்தில் ஏற்கெனவே சிவக்கத் தயாராக இருக்கும் குழாய்களுக்கு இது நல்ல செய்தி அல்ல.

2015 இல் அதே காலோவின் ஆய்வுகூடத்திலிருந்து இன்னொரு விடயம் வந்தது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புக் கலங்களும் கதெலிசிடினைச் சுரக்கின்றன. பக்டீரியா தொற்றும்போது அது தற்காப்பு. ரோசேசியாவில் கோளாறு செய்யும் அதே புரதம் கொழுப்புக் கலத்திலும் இருக்கிறது என்பது மனதைக் கவரும் தொடுப்பு. ஆனாலும் முகத்துக் கொழுப்பிலிருந்துதான் ரோசேசியாவின் கதெலிசிடின் வருகிறது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. சங்கிலியின் இரு முனைகளும் தெரிகின்றன, நடுக் கண்ணி இல்லை. இந்த இடத்தில் அவசரப்பட்டுப் பாய்கிறவர்கள்தான் உடல் மெலிந்தால் முகம் மின்னும் என்று விளம்பரம் எழுதுகிறார்கள்.

மனிதரிடையே கிடைத்த சான்றுகளில் மிகப் பெரியது அமெரிக்கத் தாதியரின் நீண்டகால ஆய்வு. 89,886 பெண்களை 1991 இலிருந்து 14 வருடம் பின்தொடர்ந்ததில் 5,249 பேருக்குப் புதிதாக ரோசேசியா வந்திருந்தது. உடற் திணிவுச் சுட்டி 21 க்கும் 23 க்கும் இடைப்பட்டவர்களோடு ஒப்பிட்டால், 35 ஐத் தாண்டியவர்களுக்கு அபாயம் 1.48 மடங்கு. 18 வயதுக்குப் பிறகு கூடிய ஒவ்வொரு 10 இறாத்தலுக்கும், அதாவது நாலரைக் கிலோவுக்கும், அபாயம் 4 வீதம் ஏறியது. இடுப்புச் சுற்றளவு கூடியவர்களுக்கு, மொத்த நிறை எதுவாக இருந்தாலும், அபாயம் தனியாகக் கூடியிருந்தது. 2017 இல் வெளியான இந்த முடிவுகளில் நமக்கு மிக முக்கியம் கடைசியாகச் சொன்னதுதான்.

1.48 மடங்கு என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். ஆயிரம் பேரில் 55 பேருக்கு வரக்கூடிய நோய் 80 பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால் அளவு விளங்கும். மீதி 920 பேர் எவ்வளவு பருத்திருந்தாலும் அவர்களுக்கு ரோசேசியா இல்லை. தவிர, 35 என்ற சுட்டியைத் தொட 155 சென்ரிமீற்றர் உயரமான பெண் 84 கிலோ இருக்க வேண்டும். நோய் வந்ததா என்பதை வைத்தியர் பார்த்துப் பதியவில்லை. 2005 இல் அனுப்பிய வினாக்கொத்தில், எப்போதாவது வைத்தியர் ரோசேசியா என்று சொன்னாரா, எந்த வருடம் என்று தாதியரே நினைவிலிருந்து எழுதினார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் வெள்ளையினத்தவர். இதே தாதியர் ஆய்வில் புகைக்கிறவர்களுக்கு ரோசேசியா குறைவு என்றும் வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு எவரும் சிகரட் பற்றவைக்கச் சொல்லமாட்டார்கள் அல்லவா? கூட இருப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு.

இதயத்தோடும் சர்க்கரையோடும் தொடர்புபடுத்திய ஆய்வுகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. துருக்கியில் 60 நோயாளிகளை மற்றவர்களோடு ஒப்பிட்ட 2014 ஆம் ஆண்டு ஆய்வில் அவர்களுக்குக் கொலஸ்ட்ரோலும் சி.ஆர்.பி.யும் கூடுதலாக இருந்தன. தாய்வானின் தேசியக் காப்புறுதிப் பதிவேட்டில் 33,000 க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்த 2015 ஆம் ஆண்டு ஆய்வும் உயர் குருதி அழுத்தம், கொழுப்புக் கோளாறு, இதயக்குழாய் நோய் மூன்றுக்கும் தொடர்பு கண்டது. அடுத்த வருடம் டென்மார்க்கின் பதிவேட்டைத் துருவியவர்கள் மாரடைப்போ பக்கவாதமோ ரோசேசியாக்காரருக்கு அதிகம் வரவில்லை என்றார்கள். இந்த மூன்றில் தாய்வானின் ஆய்வுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். அங்குள்ளவர்களின் உடல்வாகு நமக்குச் சற்று அருகில் என்பது ஒரு காரணம்.

உடல்வாகு என்றதும் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கை நினைக்காமல் இருக்க முடியாது. 2004 இல் அவரும் இலண்டனைச் சேர்ந்த ஜோன் யுட்கினும் ஒரு படத்தை வெளியிட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவருக்கும் உடற் திணிவுச் சுட்டி ஒன்றே, 22.3. ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 வீதம், இந்தியரான யாஜ்னிக்கின் உடலில் 21.2 வீதம். தராசுக்கு இருவரும் ஒன்றுதான். தென்னாசியரின் கைகால் மெலிந்திருக்க, வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அதே வருடம் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியரைப் பொறுத்தவரை 23 லேயே கவனம் தேவை, 27.5 ஐத் தாண்டினால் அபாயம் அதிகம் என்று எல்லைகளைக் கீழே இறக்கியது. இடுப்புக்குத் தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பதே எல்லை. இலங்கையில் 2005, 2006 இல் நடந்த தேசிய நீரிழிவு ஆய்வு இந்த எல்லைகளை வைத்துப் பார்த்தபோது வயதுவந்தோரில் நால்வரில் ஒருவருக்குத் தொப்பைக் கொழுப்பு இருந்தது. நீரிழிவு அப்போது சுமார் பத்தில் ஒருவருக்கு. 2018, 2019 இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வில் ஐந்தில் ஒருவரைத் தாண்டிவிட்டது.

ஆகவே அமெரிக்கத் தாதியரின் 35 என்ற எண்ணைப் பார்த்து, அது நமக்கு இல்லை என்று கண்டிக்காரர் நிம்மதி அடைவது தவறு. வாகன நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்தே கட்டுகஸ்தோட்டைக்கும் பேராதனைக்கும் போய்வந்து, கந்தோரில் உட்கார்ந்தே வேலை பார்த்து, மாலையில் ரோல்ஸும் சீனி போட்ட பால் தேத்தண்ணியும் எடுக்கும் ஒருவர் 62 கிலோவோடு ஒல்லி என்று பெயர் வாங்கியிருப்பார். அவருடைய இடுப்பு 93 சென்ரிமீற்றராக இருக்கும். அழற்சி பற்றிய கதை முழுவதும் அவருக்குப் பொருந்தும். இதற்கு நேர்மாறாக, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் உண்மையிலேயே மெலிந்தவர். அவருக்கு முகம் எரிந்தால் கொழுப்பைத் தேடிப் போவதில் பொருளில்லை. காலை முதல் மலைச்சரிவில் திறந்த வெயில். கண்டி ஏழு பாகை அகலக்கோட்டில் இருக்கிறது. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் சுடுவது தெரிவதில்லை, புற ஊதாக் கதிருக்கோ ஒரு குறைவும் இல்லை. வீடு திரும்பினால் லயத்துக் குசினியில் புகைபோக்கி இல்லாத விறகடுப்பு. கோதுமை மா ரொட்டி சுடும்போது கல்லின் மேல் குனிந்து, பக்கம் மாற்றி மாற்றிப் போட்டு, இடையிடையே அடுப்பை ஊதிவிட வேண்டும். ஒவ்வொரு ஊதலுக்கும் தணல் முகத்தில் அடிக்கும். கொத்து ரொட்டிக் கடையில் இரும்புத் தகட்டின் முன் மணிக்கணக்கில் நிற்கும் இளைஞனுக்கும் இதே கதிதான். இவர்களுக்கு அடுப்பின் உயரத்தை மாற்றுவதும் தொப்பியும் நிழலும் செய்யும் நன்மையை எந்தப் பத்தியமும் செய்யாது.

தேயிலை நாட்டில் தேத்தண்ணியைப் பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். முகம் சிவந்தால் தேத்தண்ணியும் கோப்பியும் கூடாது என்பது பழைய அறிவுரை. 1981 இல் ஜொனதன் வில்கின் என்ற அமெரிக்க வைத்தியர் நோயாளிகளுக்கு 60 பாகை சூட்டில் கோப்பி கொடுத்தார், முகம் சிவந்தது. அதே சூட்டில் வெறும் வெந்நீர் கொடுத்தார், அப்போதும் சிவந்தது. ஆறிய கோப்பி கொடுத்தார், சிவக்கவில்லை. குற்றவாளி சூடுதான். தாதியர் ஆய்வின் 2018 ஆம் ஆண்டு முடிவு இன்னும் ஒரு படி மேலே போய், நாளொன்றுக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ கோப்பி குடித்தவர்களுக்கு ரோசேசியா குறைவாகவே வந்தது என்றது. தேநீருக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. 1869 இல் வந்த இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்திராவிட்டால் கண்டிக்காரரின் முகம் இன்னும் தெளிவாக இருந்திருக்குமோ என்று வேடிக்கையாகக் கேட்கலாம். வீட்டில் தேத்தண்ணியை நிறுத்தத் தேவையில்லை; கொஞ்சம் ஆறவிட்டுக் குடித்தால் போதும். சீனியைக் குறைப்பது வேறு கணக்கு.

கொழுப்புக்கும் முகச் சிவப்புக்கும் இடையில் இன்னொரு குறுக்குவழி இருக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நிறை கூடினவருக்குப் பிரஷர் வருகிறது. கிளினிக்கில் நிபெடிபின் அல்லது அம்லோடிபின் கொடுக்கிறார்கள். இரண்டும் இரத்தக்குழாயை விரிக்கிற மருந்துகள். முகம் குப்பென்று சிவப்பது அவற்றின் தெரிந்த பக்கவிளைவு. ஐம்பதை நெருங்கும் பெண்ணானால் மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூட்டலையும் சேர்ந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு, பருத்த பெண்ணுக்கு முகம் சிவக்கிறது, அவ்வளவுதான். உள்ளே மூன்று காரணங்கள் பின்னிக் கிடக்கும். குளிசையை நாமாக நிறுத்தக்கூடாது; பிரஷர் ஏறினால் வரும் ஆபத்துக்கு முன்னால் முகச் சிவப்பு ஒன்றுமே இல்லை. கிளினிக்கில் சொன்னால் வேறு வகைக்கு மாற்றித் தர வழி இருக்கிறது.

நிறையைக் குறைத்தால் ரோசேசியா தணியுமா? சோரியாசிஸ் என்ற செதிள் நோயில் நிறைக்குறைப்பு நோயைத் தணிக்கிறது என்று முறையான பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ரோசேசியாவை அந்த வரிசையில் வைக்கும் அளவுக்குச் சான்று சேரவில்லை. சிகிச்சையின் முதுகெலும்பு இன்றும் மெட்ரோனிடசோல், அசெலயிக் அமிலம், ஐவர்மெக்டின் பூச்சுகளும், வெயில் தடுப்பும், டொக்சிசைக்கிளினும்தான். டொக்சிசைக்கிளினை பக்டீரியாவைக் கொல்லப் போதாத 40 மில்லிகிராம் அளவில் கொடுத்தாலும் கொப்புளம் அடங்குகிறது. நோயின் வேர் கிருமியில் இல்லை, அழற்சியில் இருக்கிறது என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுப்பதில்லை.

உடற்பயிற்சி செய்யச் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. வேர்க்க வேர்க்க ஓடினால் ரோசேசியாக்காரருக்கு அப்போதே முகம் கொதிக்கும். கண்டி வாவியைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல் வரும். மரநிழல் உண்டு. விடியலில், வெயில் ஏறுமுன், மூச்சு வாங்காத வேகத்தில் நடந்தால் இடுப்பும் குறையும், முகமும் தப்பும். இதை மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

இவ்வளவையும் நிறுத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது. உடற்கொழுப்பு ரோசேசியாவுக்குத் துணைபோகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது; அதுவே மூலகாரணம் என்பதற்கு இல்லை. முகத்துக்காக நிறை குறைக்கச் சொல்லி ஒருவரை, அதிலும் ஒரு பெண்ணை, குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது விஞ்ஞானமும் அல்ல, வைத்தியமும் அல்ல. ஆனால் முகம் காட்ட வந்தவரின் இடுப்பை அளக்காமல் அனுப்புவதும் தவறவிட்ட வாய்ப்புத்தான். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் தோல் கிளினிக்குகளின் மேசையில் ஓர் அளவுநாடா இருக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளப்பதற்கு அரை நிமிடம் போதும். எல்லையைத் தாண்டியவரை, சுகாதார அமைச்சு 2011 முதல் நடத்திவரும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் ஒன்றுக்கு அனுப்பலாம். நிறை, இடுப்பு, பிரஷர், சர்க்கரை எல்லாம் அங்கே காசில்லாமல் பார்ப்பார்கள். நீங்களே போவதானாலும் தடையில்லை. தோல் கிளினிக்குக்குப் போகும் நாளில் முகத்தில் பூசும் கிறீம்களையும், பெயர் இல்லாத டப்பாவானாலும், குடிக்கிற குளிசைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.